மேலதிகமானவர்

நமது ஊர்களில் ஒருவர் மறைந்தால் வெளியிடப்படும் அனுதாபப் பிரசுரங்களில் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு. "அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது" என்பதே அது. ஆசிரியர் சங்கமும் விளையாட்டுக் கழகமும் பழைய மாணவர் மன்றமும் இதனையே எழுதுகின்றன. பெயரையும் பதவியையும் மாற்றினால் போதும், தொடர் எவருக்கும் பொருந்திவிடும். அனுதாபப் பிரசுரத்தில் தத்துவ விசாரணை நடத்துவது முறையல்ல என்பதை நானறிவேன். எனினும் இத்தொடருக்குள் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. ஒருவர் போனபின் அவரது இடம் வெறுமையாகக் கிடந்தால் அவர் பெரியவர். அவ்விடம் விரைவில் நிரம்பிவிட்டால் அவர் அவ்வளவு முக்கியமானவரல்லர் என்பதே அம்மதிப்பீடு.

இது சரிதானா? தன்னை விட்டால் வேறு ஆளில்லை என்ற நிலையை ஒருவர் ஏற்படுத்தி வைத்திருப்பது நற்பண்பா, குறைபாடா? இவ்வினாவைச் சற்று எதிர்பாராத ஓரிடத்திலிருந்து அணுக விரும்புகிறேன். பெரிய தொலைபேசித் தொகுதியொன்றில் பழுதடைந்த புரொசசர் கார்ட்டை மாற்றும் வேலையே அந்த இடம்.

என்னிடம் கணிதம் கற்ற மாணவர் ஒருவர் மத்திய கிழக்கு நாடொன்றில், பெரியதோர் ஆஸ்பத்திரியின் தொலைபேசித் தொகுதியைப் பராமரிக்கும் தொழினுட்பவியலாளராகப் பல வருடங்கள் கடமையாற்றியவர். விடுமுறையில் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவார். ஊர்ப்புதினங்கள் முடிந்ததும் பேச்சு எப்படியும் அவரது வேலையில் வந்து நிற்கும். நானும் கேள்விகள் கேட்பேன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தவற்றில் இன்றுவரை எனக்குப் பயன்படுவது, மாணவனிடம் கேட்டுக் கற்க வெட்கப்படக்கூடாது என்பதுதான்.

அவ்வாறான ஆஸ்பத்திரியொன்றில் ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் இருக்கும். விடுதி, சத்திரசிகிச்சைக் கூடம், இரத்த வங்கி, அம்பியூலன்ஸ் பிரிவு என எங்கிருந்து எங்கு பேசினாலும் அழைப்பு ஒரு சேர்வரினூடாகவே செல்கிறது. அதன் மூளையாக இருப்பது புரொசசர் கார்ட். நமது பாடநூல்கள் முறைவழியாக்கி என்று சொல்வது இதனைத்தான். யார் எந்த இலக்கத்தை அழுத்தினார், எந்த வழியால் இணைப்பது, இக்கணத்தில் யார் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அதன் நினைவகத்தில் இருக்கும். அது நின்றால் ஆஸ்பத்திரி முழுவதும் ஊமையாகிவிடும். ஆகையால் அங்கே ஒரு கார்ட்டை வைப்பதில்லை. இரண்டு வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்வழங்கி உண்டு. ஒன்று அழைப்புகளைக் கவனிக்கும். மற்றது ஆயத்தமாக நிற்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நீண்டதொரு சிந்தனை இருக்கிறது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்ஸி மாநிலத்திலுள்ள சக்கசன்னா என்ற சிற்றூரில், பெல் நிறுவனத்தார் தமது முதலாம் இலக்க இலத்திரனியல் பரிவர்த்தனை நிலையத்தைச் சேவையில் ஈடுபடுத்தினர். அதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு வியப்புக்குரியது. 40 வருடங்களில் அந்த நிலையம் ஓய்ந்துகிடக்கும் நேரம் மொத்தமாக 2 மணித்தியாலங்களைத் தாண்டலாகாது. இவ்விலக்கை அடைய அவர்கள் பழுதடையாத உறுப்புகளைத் தேடிப் போகவில்லை. எல்லா உறுப்பும் என்றோ ஒருநாள் பழுதடையும் என்பதை ஒப்புக்கொண்டு அதிலிருந்து தொடங்கினார்கள். கணிதமேதை ஜோன் வொன் நியூமன் 1952 ஆம் ஆண்டு நிகழ்த்திய விரிவுரைகளில் எழுப்பிய கேள்வியும் இதுவே: நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தக்க அமைப்பொன்றை உருவாக்க முடியுமா? முடியும் என்று அவர் காட்டினார். ஒரே வேலையைப் பல உறுப்புகளுக்குக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதே வழி.

நான் பதினோராம் தரத்துக்கு நிகழ்தகவு கற்பிக்கும்போது சாரா நிகழ்ச்சிகளுக்கு இதையே உதாரணமாகச் சொல்வதுண்டு. ஒரு கார்ட் 100 நாட்களில் 1 நாள் பழுதாகக் கிடக்குமென்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில் பழுதாகக் கிடப்பதற்கான வாய்ப்பு 10,000 இல் 1 ஆகக் குறைந்துவிடுகிறது. பெருக்கல் எளிது. ஆனால் ஒன்றின் பழுது மற்றதன் பழுதைச் சாராதிருந்தால் மாத்திரமே இக்கணக்குச் சரிவரும். இந்த நிபந்தனைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது கார்ட் சும்மா இருக்கிறது என்று நினைத்தால் அது தவறு. முதலாம் இலக்க நிலையத்திலும், 1976 இல் சுவீடனில் சேவைக்கு வந்த எரிக்சன் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.ஈ. தொகுதியிலும் இரு பக்கங்களும் ஒரே கட்டளைகளை ஒரே நேரத்தில் நிறைவேற்றுகின்றன. இரண்டின் விடைகளும் ஒப்பிடப்படுகின்றன. ஒன்றின் கட்டளை மாத்திரமே வெளியே செல்கிறது. மற்றது அத்தனை வேலையையும் செய்துவிட்டு மௌனமாக இருக்கிறது. வேறு சில தொகுதிகளில் ஆயத்த நிலையிலுள்ள கார்ட் எல்லாவற்றையும் செய்வதில்லை. ஆனாலும் முதற்கார்ட்டின் நினைவகத்தில் நிகழும் மாற்றங்களை உடனுக்குடன் தன்னிடம் பதிந்துகொள்கிறது.

இனி மாற்றும் வேலைக்கு வருவோம். ஒரு கார்ட் பழுதடைந்தால் தொகுதி தானாகவே மற்றதற்கு மாறிவிடுகிறது. அபாயச் சமிக்ஞை எழுகிறது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் தாதிக்கோ வைத்தியருக்கோ எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் தொகுதி ஒற்றைக்காலில் நிற்கிறது என்பதைத் தொழினுட்பவியலாளர் மட்டுமே அறிவார். அழைப்புகள் குறைந்த பின்னிரவைத் தேர்ந்தெடுக்கிறார். எதையும் தொடுமுன் தரவுகளைப் பிரதியெடுத்து வைக்கிறார். பின்னர் எந்தப் பக்கம் உயிரோடிருக்கிறது என்று திரையில் கேட்டுப் பார்க்கிறார். பெட்டியின் மேலுள்ள விளக்கையும் பெயர்ச்சீட்டையும் அதனோடு ஒப்பிடுகிறார். இரு கார்ட்டுகளும் ஒரே தோற்றமுடையவை. அவசரத்தில் பழுதானதை விட்டு நல்லதைக் கழற்றிவிட்டால் அத்தனை இணைப்பும் ஒரு நொடியில் அறுந்துவிடும். "சேர், புதுக் கார்ட் கையில இருக்கிறது பெரிய விசயமில்ல. எதக் கழட்டப்போறம் எண்டதுதான் விசயம்" என்பார் என் மாணவர்.

பழுதான பக்கம் குறுக்கே புகுந்து பொறுப்பை எடுக்காதவாறு அதனைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவருகிறார். அப்பக்கத்துக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்துகிறார். மணிக்கட்டில் புவித்தொடுப்புள்ள பட்டியொன்றை அணிகிறார். நமது தோல் உணராத அளவிலான நிலைமின்னே ஒரு நுண்சுற்றைக் கெடுக்கப் போதுமானது. மேலும் கீழுமுள்ள பிடிகளைத் தளர்த்திக் கார்ட்டை நேராக இழுக்கிறார். புதியதன் பதிப்பு இலக்கம் மற்றப் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தவாளிப்பில் செலுத்துகிறார். மின்சாரம் கொடுத்ததும் புதிய கார்ட் தன்னைத்தானே பரிசோதிக்கிறது. பின்பு மற்றக் கார்ட்டின் நினைவகம் முழுவதும் இதற்குள் பிரதியாகிறது. இதுவரை ஒரு வார்த்தையும் அறியாதிருந்த கார்ட், இப்போது யார் யாருடன் பேசுகிறார் என்பதை அறிந்துகொள்கிறது.

பலர் இத்துடன் வேலை முடிந்ததென்று கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். உண்மையில் இன்னுமொரு படி இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டை வேண்டுமென்றே ஒதுக்கிப் பொறுப்பைப் புதியதிடம் மாற்றிப் பார்ப்பதே அது. அதைச் செய்யாதவரை புதிய கார்ட் வேலை செய்யும் என்பது வெறும் நம்பிக்கைதான். தற்போது பல இடங்களில் கார்ட்டுகள் மறைந்து, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரண்டு கணினிகளில் இயங்கும் மென்பொருளாகத் தொலைபேசித் தொகுதி மாறிவருகிறது. ஆனால் இந்த ஒழுங்கு மாறவில்லை.

நான் சொல்லவந்த விடயம் இங்கேதான் தொடங்குகிறது. இவ்வமைப்புகளை வடிவமைக்கும் பொறியியலாளர்கள், எந்த ஓர் உறுப்பு இல்லாவிட்டால் முழுத் தொகுதியும் நின்றுபோகுமோ அதற்குப் பாராட்டுப் பத்திரம் எழுதுவதில்லை. அதைத் தொகுதியின் குறைபாடாகவே பதிவுசெய்கிறார்கள். நாமோ மனிதர் விடயத்தில் நேர்மாறாக நடந்துகொள்கிறோம். "அவர் இல்லாவிட்டால் இங்கு ஒரு காரியமும் நடக்காது" என்பது நம்மிடையே உயர்ந்த புகழ்ச்சி. ஆசிரியரொருவர் வருடக்கணக்காக நேரசூசியைத் தானே தயாரிப்பார். அதன் சூட்சுமத்தை எவருக்கும் சொல்லமாட்டார். அவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது பிரியாவிடையில் மாலை விழும். அடுத்த தவணையில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையில் சந்தித்துக்கொள்வார்கள், இன்னொரு வகுப்பறையில் பிள்ளைகள் தனித்திருப்பார்கள். அப்போதும் நாம் சொல்வது, "பார்த்தீர்களா, அவர் இருந்திருந்தால்!" என்பதே. அவர் விட்டுச்சென்ற வெற்றிடம் அவருடைய பெருமைக்குச் சான்றாகிவிடுகிறது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மனிதன் கார்ட் அல்லன். அவனைக் கழற்றிவிட்டு இன்னொருவனைச் செருகலாம் என்று சொல்வது அவனை அவமதிப்பதாகாதா? இம்மானுவேல் கான்ட் 1785 இல் வெளியிட்ட தமது ஒழுக்கவியல் நூலில் ஒரு பாகுபாட்டைச் செய்திருக்கிறார். சில பொருட்களுக்கு விலை உண்டு, அவற்றின் இடத்தில் சமமான வேறொன்றை வைக்கலாம். விலைக்கு அப்பாற்பட்டதும் சமமானது இல்லாததும் மாண்புடையது. மனிதன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இப்பாகுபாடு எனது வாதத்துக்கு எதிரானதன்று. மனிதனுக்கு ஈடு கிடையாது. மனிதன் வகிக்கும் பொறுப்புக்கு ஈடு உண்டு, இருக்கவும் வேண்டும். ஒரு தகப்பன் மறைந்தால் அவரது பிள்ளைகளுக்கு ஏற்படும் இழப்பை எவராலும் நிரப்பமுடியாது. அதே தகப்பன் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளராக இருந்து, கணக்குப் புத்தகத்தை எவருக்கும் விளங்காதவாறு வைத்துவிட்டுப் போயிருந்தால் அது வேறு வகையான இழப்பு. அனுதாபப் பிரசுரம் இவ்விரண்டையும் ஒரே தொடருக்குள் போட்டுக் குழப்பிவிடுகிறது.

பொறுப்புக்கு மாற்று இருந்தால்தான் மனிதன் மனிதனாக இருக்கமுடியும் என்றுகூடச் சொல்வேன். என் மாணவரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் அந்தத் தொகுதியைப் பற்றி அங்கே முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. அக்காலத்தில் ஊரில் அவரது உம்மா மௌத்தானார். லீவு கேட்டபோது, தொகுதியைப் பார்க்க வேறு ஆளில்லை என்ற பதில் கிடைத்தது. ஒரு மாதத்துக்கு மேல் கழிந்த பின்னரே அவரால் வரமுடிந்தது. ஆயிரக்கணக்கானோரின் பேச்சு அறுந்துபோகாமல் இரண்டு கார்ட்டுகளை வைத்த நிர்வாகம், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆளைத்தான் வைத்திருந்தது.

திரும்பிச் சென்றதும் அவர் ஒரு காரியம் செய்தார். தாம் அறிந்தவற்றைப் படிப்படியாகக் கொப்பியொன்றில் எழுதத் தொடங்கினார். கூட வேலை செய்த கேரளத்து இளைஞர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தார். நம் நாட்டவர்கள் சிலர், "உன்ட வேலைய நீயே குடுக்கிறாய்" என்று எச்சரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. சில வருடங்களின் பின் வாப்பா நோயுற்றபோது அவரால் இரண்டு நாட்களில் ஊருக்கு வந்துசேர முடிந்தது. மூன்று வாரங்கள் பக்கத்திலிருந்தார். அங்கே தொலைபேசிகள் வழமைபோல் இயங்கின.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனது வாதத்துக்கு வசதியாக இருந்திருக்கும். இரண்டு வருடங்களின் பின் அந்நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. ஒரு வேலைக்கு இருவர் எதற்கு என்று கேட்டது. கூடிய சம்பளம் பெற்றவர் என்பதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என் மாணவரே. எச்சரித்தவர்களின் வார்த்தை பலித்துவிட்டது. அப்படியானால் அவர் கற்றுக்கொடுத்தது பிழையா? அறிவைப் பதுக்கி வைத்திருப்பதுதான் ஏழைத் தொழிலாளியின் ஒரே பாதுகாப்பா?

இக்கேள்வியை இலேசாகக் கடந்துசெல்ல முடியாது. ஆங்கிலத்தில் ரிடண்டன்ற் என்றொரு சொல் இருக்கிறது. இரண்டாவது கார்ட்டைப் பொறியியலாளர் அச்சொல்லாலேயே குறிப்பிடுகிறார். அங்கே அதன் பொருள், ஆபத்தில் கைகொடுக்க மேலதிகமாக நிற்பது. ஆட்குறைப்புக் கடிதத்திலும் அதே சொல் வருகிறது. அங்கே அதன் பொருள், தேவையற்று மேலதிகமாக நிற்பது. நமது கல்வி நிருவாகத்திலும் இதற்கு நிகரான சொல் உண்டு. ஒரு பாடசாலையில் இரண்டு கணித ஆசிரியர்கள் இருந்தால் ஒருவரின் பெயருக்கெதிரே மேலதிகம் என்று எழுதப்படும். அவர் வேறிடம் அனுப்பப்படுவார். ஆசிரியரே இல்லாத பாடசாலைக்கு அவர் போவாரானால் அதில் நியாயமுண்டு. ஆனால் எஞ்சிய ஒருவர் பிரசவ விடுமுறையில் சென்ற அன்று, அந்த மேலதிகம் எதுவென்பது பிள்ளைகளுக்குத் தெரியவரும்.

புரொசசர் கார்ட் நமக்குச் சொல்லித்தரும் முக்கியமான பாடம் இதுவென்றே கருதுகிறேன். மற்றது நன்றாக வேலை செய்கிறது என்பதற்காக ஒன்றைக் கழற்றி விற்றுவிடும் பொறியியலாளர் எவருமில்லை. அவ்வாறு செய்தால் தொகுதி மறுபடியும் ஒற்றைக்காலில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாமவர் கற்றுக்கொண்டார் என்பதற்காக முதலாமவரை அனுப்பிய நிறுவனம் மாற்று ஏற்பாடு எதையும் செய்யவில்லை. விலை கூடிய ஒற்றை ஆளுக்குப் பதிலாக விலை குறைந்த ஒற்றை ஆளை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அடுத்து அந்தக் கேரளத்து இளைஞரின் தாய் மௌத்தானால் அவருக்கும் அதே பதில் கிடைக்கும். ஆகவே என் மாணவர் கற்றுக்கொடுத்தது சரி. அதன் விலையை அவர் ஒருவர் மாத்திரமே கொடுக்க நேர்ந்தது அநீதி. உனக்கு ஒரு மாற்றை உருவாக்கு என்று ஊழியரிடம் எதிர்பார்க்கும் எந்த நிறுவனமும், அதனால் உனக்குக் கெடுதி நேராது என்ற உறுதியையும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அவ்வுறுதி இல்லாத இடத்தில் அறிவைப் பதுக்குபவரை நாம் கடிந்துகொள்ளுமுன் சற்று யோசிக்க வேண்டும். அதிகாரத்துக்காகப் பதுக்குபவரும் பயத்தால் பதுக்குபவரும் ஒரே தராசில் நிறுக்கப்படக் கூடாதவர்கள்.

மாற்றாக நிற்பவர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்ற கேள்வியும் எஞ்சியிருக்கிறது. சாரா நிகழ்ச்சிகள் பற்றிய நிபந்தனையை நினைவூட்டுகிறேன். 1990 ஜனவரி 15 ஆம் திகதி அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசிச் சேவை ஏறத்தாழ 9 மணித்தியாலங்கள் சீர்குலைந்தது. நியூயோர்க்கிலிருந்த நிலையமொன்று சிறு கோளாறினால் சில நொடிகள் நின்று, மீண்டும் எழுந்து, தான் வந்துவிட்டதாக அயல் நிலையங்களுக்குச் செய்தியனுப்பியது. அச்செய்தியைப் பதிந்துகொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தால் தடுமாறும் பிழையொன்று எல்லா நிலையங்களின் மென்பொருளிலும் இருந்தது. அயல் நிலையங்கள் விழுந்தன, எழுந்தன, தாம் எழுந்த செய்தியை அனுப்பி மற்றவற்றை வீழ்த்தின. 114 நிலையங்கள் இதில் அகப்பட்டன. மாற்றுக் கார்ட்டுகள் உதவவில்லை. அவற்றிலும் அதே மென்பொருள்தான் இருந்தது.

1996 ஜூன் 4 ஆம் திகதி பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஆரியன் 5 ரொக்கற்றுக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் திசையறி கணினிகள் இரண்டும் ஒரே வார்ப்பு. எண்ணொன்று எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தபோது முதலில் செயலிழந்தது மாற்றாக இருந்த கணினி. வேலை செய்துகொண்டிருந்த கணினி ஒரு நொடியாவதற்குள் அதே காரணத்தால் செயலிழந்தது. புறப்பட்டு ஒரு நிமிடமாவதற்குள் ரொக்கற் சிதறியது. இவ்வாறான அனுபவங்கள் உணர்த்தும் பாடத்துக்கு இணங்கவே போயிங் 777 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினிகளில் மூன்று வேறு நிறுவனங்களின் முறைவழியாக்கிகள் வைக்கப்பட்டன.

தமக்குப் பின் வருபவரைத் தேர்ந்தெடுக்கும் தலைவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். தான் சொல்வதையெல்லாம் ஆமோதிக்கும் ஒருவரைப் பிரதி அதிபராகவோ செயலாளராகவோ வைத்துக்கொள்வது எளிது. அப்படிப்பட்டவர் தலைவர் தடுமாறும் அதே இடத்தில் தடுமாறுவார், சிலவேளை அவருக்கு முன்னரே தடுமாறுவார். அறிந்திருக்கவேண்டியதைச் சமமாக அறிந்தவராகவும், நினைப்பதைத் தனித்து நினைப்பவராகவும் ஒருவர் பக்கத்தில் இருப்பது தலைமைக்கு இதமாக இராது. பயன்படுவது அவர்தான்.

அப்படி நிற்பவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வெளியே கேட்காத விடையை ஒவ்வொரு நொடியும் சரியாகக் கணித்துக்கொண்டிருக்கும் கார்ட்டைப்போல, எந்த மேடையிலும் பெயர் வாசிக்கப்படாமல் எல்லாவற்றையும் அறிந்துவைத்திருக்கும் மனிதர்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் அழைக்கப்படாமலே ஓய்வுபெறவும் கூடும். அழைக்கப்படாததால் அவர்களது உழைப்பு வீணாகிவிடுவதில்லை. அவர்கள் பக்கத்தில் இருந்ததனாலேயே மற்றவர் நிம்மதியாக வேலை செய்தார், நோயுற்றபோது படுத்தார், தாய் மௌத்தான அன்று வீட்டுக்குப் போனார்.

பொறுப்பிலிருப்பவர்கள் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்றிருக்கிறது. கார்ட் மாற்றும் வேலையில் பலர் செய்யாமல் விட்டுவிடும் கடைசிப் படிதான் அது. உடலில் வலுவும் பதவியில் காலமும் இருக்கும்போதே ஒரு கிழமை வேண்டுமென்றே ஒதுங்கி, சாவிக்கொத்தையும் கொப்பியையும் மற்றவரிடம் கொடுத்துவிட்டு, தொலைபேசியில் விசாரிக்காமல் இருந்து பார்க்கவேண்டும். காரியங்கள் நடந்தால் நமக்குச் சிறிது மனவருத்தம் உண்டாகும். நடக்காவிட்டால் எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டோம் என்பது தெரியவரும். அதைத் திருத்திக்கொள்ள அப்போது இன்னும் நேரம் இருக்கும்.